கைராசி இல்லாத பிரிஸ்கில்லாவும் என் கீரை வியாபாரமும்

எங்கள் தெருவில் இப்போது யாரும் என் கடையில் கீரை வாங்குவதில்லை. கறிவேப்பிலையைச் சும்மா கொடுத்தால்கூட, “வீட்டுல இருக்கு அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். இருபது வருஷமாகக் கடை வைத்திருப்பவனுக்கு இதைக் கேட்டால் எப்படி இருக்கும்? இத்தனைக்கும் காரணம் எதிர்வீட்டு பிரிஸ்கில்லா. அவளைப் பற்றி நாலு வார்த்தை நல்லதாகச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நடுவில் எனக்குக் கோபம் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் இருளப்பசாமி. ராஜபாளையத்தில் தென்காசி ரோட்டை விட்டுக் கிழக்கே இறங்கும் சந்துகளில் ஒன்றில் என் மளிகைக் கடை இருக்கிறது. மளிகை என்றுதான் பலகையில் எழுதியிருக்கும். ஆனால் வாசலில் நாலு கூடை காய்கறியும், ஈரச் சாக்கில் சுற்றிய கீரைக் கட்டும் வைத்திருப்பேன். தெரு முழுக்க மில் வேலைக்கும் தறி வேலைக்கும் போகிறவர்கள். வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கும். கைப்பிடி மண் வேண்டுமென்றால்கூட வெளியே போய்த்தான் அள்ளிவர வேண்டும். மொட்டை மாடி மட்டும் எல்லா வீட்டுக்கும் உண்டு. வடகம் காயப்போட, துணி காயப்போட, பிள்ளைகளைத் திட்டிவிட்டுப் போய் நின்று மூச்சு விட, அதற்குத்தான் அது.

பிரிஸ்கில்லா சுந்தரபாண்டியத்துப் பெண். அவள் அப்பா குத்தகை நிலத்தில் கத்தரியும் வெண்டையும் போட்டவர். மைக்கேலைக் கட்டிக்கொண்டு இந்தத் தெருவுக்கு வந்தாள். மைக்கேலுக்கு சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணி வெளுக்கிற ஒரு பட்டறையில் வேலை. அவளுக்குத் தளவாய்புரத்தில் நைட்டி தைக்கிற வேலை. காலையில் கம்பெனி வேன் தெருமுனையில் வந்து ஹாரன் அடிக்கும். வாயில் இட்லி, கையில் சீப்பு என்று அவள் ஓடுவதைப் பார்த்துத்தான் நாங்கள் மணி தெரிந்துகொள்வோம். வேகமாகப் பேசுவாள். சிரித்தால் மூன்று வீட்டுக்குக் கேட்கும். கையில் எது இருந்தாலும் பாதியை யாருக்காவது கொடுத்துவிடுவாள். அந்தக் கொடுக்கிற புத்திதான் அவளுக்கு வினையாக வந்தது.

தோட்டத்துப் பிள்ளை அல்லவா, வந்த புதிதிலேயே மாடியைப் பார்த்து அவளுக்குக் கை அரித்தது. மைக்கேலிடம் சொன்னாள். அவன் பட்டறையில் சும்மா கிடந்த நீல நிறப் பிளாஸ்டிக் டிரம்களைக் கேட்டு வாங்கி, பைக்கின் பின்னால் கட்டிக்கொண்டு வந்தான். பாதியாக அறுத்து, அடியில் ஓட்டை போட்டு, விளிம்பை அரத்தால் தேய்த்து, ரெண்டு தண்ணீர் ஊற்றி அலசி வைத்தான். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அதில் தக்காளி வைத்தாள், கருகிப்போனது. கத்தரி வைத்தாள், அதுவும் போனது. மிளகாய் விதை முளைக்கவே இல்லை. ஊரிலிருந்து அவள் அப்பா வேரோடு கொண்டுவந்து கொடுத்த அவரைக்கொடியும் இலை சுருண்டு செத்தது.

இதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மைக்கேல் டிரம் கொண்டுவருவதை நிறுத்தவில்லை. இவளும், “யக்கா, உங்களுக்கு ஒண்ணு, உங்களுக்கு ஒண்ணு” என்று தெருவெல்லாம் கொடுத்தாள். வாங்கியவர்களில் சிலர் தண்ணீர் பிடித்தார்கள், சிலர் செடி வைத்தார்கள். செடி வைத்தவர்கள் வீட்டிலும் எல்லாம் கருகியது. இப்போது ஒரு பச்சைப்பிள்ளைக்குக்கூடச் சந்தேகம் டிரம் மேல்தானே வரவேண்டும்? எங்கள் தெருவுக்கு அப்படி வரவில்லை. “அவ கையால குடுத்த சாமான்ல வேற எப்படி வரும்?” என்றார்கள். படித்தவர்கள் படிக்காதவர்கள் எல்லாரும்தான் சொன்னார்கள். எங்கள் தெருவின் அறிவை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும்.

தீர்ப்பு சொன்னது பெத்தம்மாள். பிரிஸ்கில்லாவுக்குப் பக்கத்து வீடு. பெத்தம்மாளுக்குக் கைராசி என்று பெரிய பெயர். அவள் வீட்டு மாடியில் மண்தொட்டிகளில் என்ன வைத்தாலும் வரும். தெருவில் யார் வீட்டில் விதை போட்டாலும், முருங்கைக் கொம்பு ஊன்றினாலும், முதலில் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவளும் முகம் கழுவி, பொட்டு வைத்துக்கொண்டு, கல்யாணத்துக்குப் போவதுபோல் போவாள். கெட்டவள் இல்லை. ஆனால் நாக்கில் வந்ததைச் சொல்லிவிடுவாள். கோபம் வந்தால் பேச்சு தெலுங்குக்குப் போய்விடும். அவள்தான் என் கடை வாசலில் நின்று சொன்னாள்: “பிரிஸ்கில்லா நல்ல பிள்ளதான். கைதான் ஆகாது.”

அந்த ஒரு பேச்சு போதாதா? அப்புறம் எந்த வீட்டிலும் அவளைச் செடிப்பக்கம் விடவில்லை. கறிவேப்பிலை கேட்டுப் போனால், “நீ நில்லு, நான் ஒடிச்சுத் தாரேன்” என்பார்கள். தெருமுனையில் ஜெயக்கொடி வீட்டில் மல்லிகைக் கொடியைப் பார்த்து, “எம்புட்டு மொட்டு!” என்று தொடப்போனவளின் கையைத் தட்டிவிட்டார்களாம். அவள் என் கடைக்கு வந்து கறிவேப்பிலை வாங்கினாள். எனக்கு வியாபாரம்தான், ஆனால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஒருநாள் கேட்டே விட்டாள். “அண்ணாச்சி, என் கையில அப்படி என்ன இருக்கு? இதே கையாலதான தைக்கேன், சமைக்கேன், பிள்ளைக்குச் சோறு ஊட்டுதேன்?”

“விடும்மா, அவிய ஏதோ பேசுதாவ.”

“எனக்கு நல்ல பேரு ஒண்ணும் வேண்டாம் அண்ணாச்சி. இந்தப் பேரு போனாப் போதும்.” சொல்லும்போதே கண்ணில் தண்ணீர் நின்றது. அவள் அழுது நான் முதல்முதலாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

இதற்கு நடுவில் ஒரு மழைக்காலம். என் கடையில் அழுகிய தக்காளியை ஒரு பையில் போட்டு, “வெளிய போறப்ப குப்பைத்தொட்டியில போட்டுரும்மா” என்று அவளிடம் கொடுத்தேன். வேன் வந்துவிட்டது. அவள் மாடியில் டிரம்மை நிரப்பி மிஞ்சிய மண்ணும் குப்பையுமாகக் கிடந்த ஒரு கிழிந்த அரிசிச் சாக்கில் அதைக் கொட்டிவிட்டு ஓடிவிட்டாள். அப்புறம் அதை மறந்தும் போனாள், மழையில் மாடிப்பக்கம் போகவும் இல்லை. கார்த்திகை முடிந்து ஒருநாள் துணி காயப்போட மாடிக்குப் போனவள், போட்ட சத்தத்தில் நான் தராசை விட்டுவிட்டு வெளியே ஓடினேன். சாக்கிலிருந்து தக்காளிச் செடி புதராக எழும்பி, கைப்பிடிச் சுவரைத் தாண்டித் தொங்கிக்கொண்டிருந்தது. பூவும் பிஞ்சும் பழமும் ஒரே செடியில்.

முந்தானை நிறையப் பழத்தோடு கடைக்கு வந்தாள். “அண்ணாச்சி, என் கை போட்டது! காச்சிருக்கு!”

எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் உடனே ஒத்துக்கொண்டால் நான் என்ன கடைக்காரன்? “அழுகின தக்காளி என்னுது. அப்ப ராசி எனக்குத்தான்” என்றேன். முறைத்தாள். முறைத்தவள் திரும்பித் தன் மாடியைப் பார்த்தாள்.

“மண்ணு அதே மண்ணு. மாடி அதே மாடி. கையும் அதே கை” என்று மெதுவாகச் சொன்னாள். “டிரம்மு மட்டும்தான் இல்ல.”

வீட்டுக்கு ஓடினாள். மைக்கேல் கடைசியாகக் கொண்டுவந்து அறுக்காமல் போட்டிருந்த டிரம்மின் மூடியைத் திறந்து, உள்ளே தலையை விட்டு மோந்து பார்த்திருக்கிறாள். மைக்கேலின் வேலைச் சட்டையில் வருகிற அதே வாடை. உள்ளே அடிப்பக்கம் விரலால் சுரண்டினால் சுண்ணாம்புபோல் வெள்ளையாக அப்பியிருக்கிறது. துணியை வெளுப்பதற்கு முன்னால் போட்டு வேகவைக்கிற காஸ்டிக் என்கிற கார மருந்து வந்த டிரம் அது. ரெண்டு தண்ணீருக்கெல்லாம் அது போகுமா? ஒவ்வொரு நாளும் செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போது கரைந்து கரைந்து வேருக்குப் போயிருக்கிறது. செடி எப்படிப் பிழைக்கும்?

மைக்கேலுக்கு ரோஷம் வந்துவிட்டது. “மேனேஜர்கிட்ட கெஞ்சிக் கூத்தாடி வாங்கிட்டு வந்தா, என் டிரம்மையே குறை சொல்லுத!” என்று குதித்தான். அவள் காதிலேயே வாங்கவில்லை. டிரம் கொடுத்த வீடுகளுக்கெல்லாம் போய், “யக்கா, அதத் திருப்பித் தாங்க, அதுல மருந்து இருக்கு” என்று கேட்க ஆரம்பித்தாள். கொடுத்த பொருளைத் திருப்பிக் கேட்டால் எந்த ஊரில் சும்மா இருப்பார்கள்? தெருவே கூடிவிட்டது. கூடிய இடம், வழக்கம்போல, என் கடை வாசல்.

“ஏட்டி, உன் கையில இருக்கிற கோளாற டிரம்மு மேல ஏத்தாத” என்றாள் பெத்தம்மாள்.

பிரிஸ்கில்லாவுக்கு மூக்கு சிவந்துவிட்டது. “சரிக்கா. உங்க கை நல்ல கைதான? நீங்க டிரம்முல விதை போடுங்க. நான் அண்ணாச்சி கடை எண்ணெய் டின்னுல போடுதேன். ஒரே மண்ணு, ஒரே விதை. ரெண்டும் இந்தப் படியிலயே இருக்கட்டும், எல்லாரும் பாக்கட்டும். உங்களுக்கு முளைச்சு எனக்கு முளைக்கலன்னா, இனிமே இந்தத் தெருவுல செடி கொடின்னு நான் வாயத் தொறக்க மாட்டேன். மாடியிலயும் ஒண்ணும் வைக்க மாட்டேன்.”

யாரும் அவளை அந்த அளவுக்குப் போகச் சொல்லவில்லை. வாயை விட்டுவிட்டாள். டிரம்மில் ஒரு நாலு கீரை தப்பித்தவறி முளைத்தால் போதும், இவள் கதை முடிந்தது.

அன்றைக்கே போட்டார்கள். என் கடை சிறுகீரை விதை, ஒரே பொட்டலத்தில் பாதி பாதி. மைக்கேல் பட்டறையிலிருந்து வந்த இன்னொரு டிரம்மை அறுத்து, எப்போதும்போல் ரெண்டு தண்ணீர் விட்டு அலசிக் கொடுத்தான், “என் டிரம்மு ஜெயிக்கும்” என்று வேறு சொல்லிக்கொண்டு. பெண்டாட்டி தோற்றால்தான் டிரம் ஜெயிக்கும் என்பது அந்தப் புத்திசாலிக்கு உறைக்கவில்லை. பெத்தம்மாள் கிழக்கே பார்த்து நின்று, கும்பிட்டு, விதையைத் தூவினாள். பிரிஸ்கில்லா, “ஏசப்பா” என்று ஒரே வார்த்தை சொல்லித் தூவினாள். தண்ணீர் ஊற்றுகிற வேலை என் தலையில் விழுந்தது. ரெண்டுக்கும் ஒரே சொம்பு, ஒரே அளவு. கடைப்படியை அடைத்துக்கொண்டு ரெண்டு தொட்டி. அரிசி மூட்டை இறக்க வந்தவன் என்னைத் திட்டாத திட்டு இல்லை.

அந்த நாட்களில் என் கடையில் இருந்த கூட்டம் தீபாவளிக்குக்கூட வந்ததில்லை. ஷிஃப்டுக்குப் போகிறவர்கள் சைக்கிளில் ஒரு காலை ஊன்றி எட்டிப் பார்ப்பார்கள். ஒரு கடலை மிட்டாய் வாங்கிக்கொண்டு ஒரு மணி நேரம் நிற்பார்கள். பெத்தம்மாள் காப்பி டம்ளரோடு வந்து உட்கார்ந்து, டிரம்மைப் பார்த்துப் பேசவே செய்வாள், “வா தாயி, வா” என்று. பிரிஸ்கில்லா மட்டும் காலையில் வேனுக்குப் போகிறபோது ஒரு பார்வை பார்ப்பாள். ஒன்றும் இருக்காது. வேனைப் பார்த்து ஓடிவிடுவாள். சாயங்காலமும் அப்படித்தான். அவள் சிரிப்பு இல்லாமல் தெருவே என்னவோ போல் இருந்தது.

ஒரு காலையில் ஷட்டரைத் தூக்கினேன். எண்ணெய் டின்னில் மண்ணுக்கு மேலே பச்சை தெரிந்தது. குனிந்து பார்த்தேன். ஒன்றிரண்டு இல்லை, தூவின இடமெல்லாம் பொடிப் பொடியாக இலை விட்டிருந்தது. டிரம்மைப் பார்த்தேன், வெறும் மண். சாமிக்கு விளக்குக்கூடப் போடவில்லை, நடுத்தெருவில் நின்று கத்தினேன்: “பிரிஸ்கில்லா! ஏட்டி பிரிஸ்கில்லா! வந்து பாரும்மா!”

பாதிப் பின்னலோடு ஓடிவந்தாள். டின்னுக்கு முன்னால் முட்டிபோட்டு உட்கார்ந்தாள். உள்ளங்கையை அந்தத் தளிர்களுக்கு மேலே, படாமல், அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள். தெருமுனையில் வேன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. அன்றைக்கு வேன்தான் அவளுக்காகக் காத்திருந்தது.

பெத்தம்மாள் லேசில் விடவில்லை. “என் பக்கம் வெயில் படல” என்றாள். டிரம்மை நகர்த்தி வைத்தோம். “அண்ணாச்சி விதையில கோளாறு” என்றாள். இது என் மேலேயே வந்துவிட்டது. தன் வீட்டு விதையைக் கொண்டுவந்து மறுபடி தூவினாள், அதுவும் வரவில்லை. கடைசியில் விரலை விட்டுக் கிளறிப் பார்த்தாள். விதைகள் கறுத்து நைந்து கிடந்தன. விரல் வேறு அரித்தது. விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தாள், டின்னைப் பார்த்தாள். திடீரென்று சிரித்துவிட்டாள். “டிரம்முதான்டி திருட்டுப்பய! எங்க அந்த மைக்கேலு? இங்க கூப்பிடு அவன!”

பாவம் மைக்கேல். அதற்கப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்வந்த வெள்ளைச் சட்டையோடு, ஒரு தள்ளுவண்டியைப் பிடித்து, வீடு வீடாகப் போய் டிரம்களை வாங்கி ஏற்றினான். “இத நல்லாக் கழுவிட்டு வைக்கலாமே” என்று யாரோ சொன்னதற்கு, “திங்கிற செடிக்கு அது வேண்டவே வேண்டாம்” என்று பிரிஸ்கில்லா ஒரே போடாகப் போட்டுவிட்டாள்.

என் கஷ்டகாலம் அதற்கப்புறம்தான் தொடங்கியது. தெருவே மாடி ஏறிவிட்டது. அரிசிச் சாக்கு, மீன்பெட்டி, உடைந்த குடம், என் கடை எண்ணெய் டின் என்று எதையும் விடவில்லை. பிரிஸ்கில்லா கம்பெனியில் மிஞ்சுகிற நைட்டித் துண்டுகளைக் கொண்டுவந்து எல்லாருக்கும் கொடுத்தாள், கொடியைக் கட்ட. ரோஸும் மஞ்சளுமாகப் பூப்போட்ட துணி எல்லா மாடியிலும் தொங்கியது. இவளுக்கு வெண்டை அதிகம் காய்த்தால் அடுத்த வீட்டுக்கு. அவர்களுக்குப் பீர்க்கை காய்த்தால் இவளுக்கு. பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்த ரெண்டு வீடுகூடப் புடலங்காய் மாற்றிக்கொண்டு பேசிக்கொண்டார்கள். பிரிஸ்கில்லாவின் மகள் ஜெனிலா கத்தரிக்காயைக் கண்டாலே தட்டைத் தள்ளுகிற பிள்ளை. தானே பறித்தது என்றதும் அது நெத்திலிக் குழம்பில் கிடந்த கத்தரிக்காயைத் தேடித் தேடித் தின்றதாம்.

“நாள் பூரா மிசின் முன்னால குனிஞ்சு உக்காந்துட்டு வாரேன் அண்ணாச்சி. மாடிக்குப் போயி செத்த நேரம் தண்ணி ஊத்திட்டு நின்னாத்தான் முதுகு நிமிருது, மனசும் நிமிருது” என்பாள். நல்லது, அப்படியே கொஞ்சம் கீரையும் வாங்கு என்றா சொல்ல முடியும்?

வீட்டிலும் துரோகம்தான். என் சம்சாரம் வேலுத்தாய் கடைக்கு மேலேயே புதினா வளர்க்கிறாள். பிரிஸ்கில்லா கொடுத்த கத்தரிக்காயில் ஒருநாள் எண்ணெய்க் கத்தரிக்காய் வைத்தாள். வாயில் வைத்ததும் கரைந்தது. மூட்டையில் நசுங்கி ரெண்டு நாள் லாரியில் வருகிற என் கத்தரிக்காயை நினைத்துப் பார்த்தேன். வெட்கமாகத்தான் இருந்தது. மறுசோறு கேட்டு வாங்கித் தின்றேன். அடுத்த வாரத்திலிருந்து கீரைச் சாக்கு இருந்த இடத்தில் விதைப் பொட்டலமும் வேப்பம்புண்ணாக்கும் வைத்தேன்.

போன ஆனிக் கடைசியில் பெத்தம்மாள் கடைக்கு வந்தாள். முகம் கழுவி, நல்ல சேலை கட்டியிருந்தாள். பிரிஸ்கில்லா அப்போது என்னிடம் சீனி வாங்கிக்கொண்டிருந்தாள். வாரவிடுமுறை நாள்.

“பிரிஸ்கில்லா, எங்க மாடியில அவரை போடுதேன். நீ வந்து முதல் விதையப் போடு. இனிமே இந்தத் தெருவுக்கு உன் கைதான் ராசியான கை.”

பிரிஸ்கில்லாவுக்கு முகமெல்லாம் ரத்தம் ஏறிவிட்டது. எத்தனை வருஷம் தள்ளி நில்லு என்று கேட்ட காது அது. சீனியைக் கடையிலேயே விட்டுவிட்டுக் கிளம்பினாள். நானும் வேலுத்தாயைக் கல்லாவில் உட்காரவைத்துவிட்டுப் பின்னாலேயே போனேன். இதைப் பார்க்காமல் இருக்க முடியுமா?

மாடியில் தெருப்பெண்கள் நாலைந்து பேர் நின்றார்கள். புது மண் நிரப்பிய தொட்டிகள் வரிசையாக இருந்தன. மாடிப்படி ஓரத்தில் பெத்தம்மாளின் புது மருமகள் இந்து நின்றுகொண்டிருந்தாள். மம்சாபுரத்துப் பெண், கல்யாணமாகி மூன்று மாதம்தான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, சுவரோடு சுவராக ஒட்டி நின்றாள்.

விதையைக் கையில் வாங்கிய பிரிஸ்கில்லா, “இந்து ஏன் அங்கயே நிக்கா? இங்க வரச் சொல்லுங்க” என்றாள்.

“அவ வேண்டாம். அம்மா வீட்டுலருந்து ஒரு கறிவேப்பிலக் கன்னு கொண்டுவந்தா. வச்ச வாரத்துலயே காஞ்சு போச்சு. அவ கை ஆகாது. நீ போடு” என்றாள் பெத்தம்மாள், ரொம்பச் சாதாரணமாக.

இந்து தலையைக் குனிந்துகொண்டாள். பிரிஸ்கில்லா கையிலிருந்த விதையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவளுக்கு அப்படி ஒரு கோபம் வந்து நான் பார்த்ததே இல்லை. ஆனால் கத்தவில்லை.

“பெத்தம்மாக்கா, சித்திரை வெயில்ல, பஸ்ஸுல, வேருல மண்ணே இல்லாம வந்த கன்னு அது. நானே பாத்தேன். நீங்க வச்சிருந்தாலும் செத்திருக்கும், நான் வச்சிருந்தாலும் செத்திருக்கும். அதுக்கு இந்தப் பிள்ள கையா காரணம்?” அவளுக்குக் குரல் உடைந்தது. “எங்க வீட்டுல ஒவ்வொண்ணாச் சாகும்போது நான் மாடியில உக்காந்து என் கையவே பாத்துக்கிட்டு இருப்பேன்க்கா. இது என்ன பாவம் பண்ணுச்சுன்னு. இவளையும் அப்படி உக்கார வைக்காதீங்க.”

அவள் படி ஓரத்துக்குப் போய், இந்துவின் கையை முன்னால் இழுத்து, விரித்து, விதையை அதில் கொட்டினாள். “வா தாயீ. நீ போடு.”

இந்து மாமியாரைப் பார்த்தாள். பெத்தம்மாள் வாய்க்குள் தெலுங்கில் என்னவோ சொன்னாள். திட்டுகிறாள் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவள் போய்த் தண்ணீர்ச் சொம்பை எடுத்துக்கொண்டு வந்து தொட்டிக்குப் பக்கத்தில் நின்றாள். “போடு, நான் தண்ணி ஊத்துதேன்” என்றாள். இந்து விதையை ஒவ்வொன்றாக மண்ணில் வைத்தாள். நான் யாருக்கும் தெரியாமல் கீழே இறங்கிவிட்டேன்.

சீனியை எடுக்கக் கடைக்கு வந்தவளிடம் கேட்டேன். “ஏம்மா, எம்புட்டு நாள் ஏங்கின? பேரு தேடி வந்தப்போ விட்டுட்டியே.”

அவள் இன்னும் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் இருந்தாள். “எனக்கு அந்தப் பேரு இருக்கணும்னா இன்னொருத்திக்கு இல்லன்னு சொல்லணும்லா அண்ணாச்சி. அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியுமே.”

சீனியை வாங்கிக்கொண்டு, அடுப்பில் பால் வைத்தது ஞாபகம் வந்து, எதிர்வீட்டுக்கு ஓடினாள்.